நெடுங்கரை மதகு இனித் திறக்கும் முறை

நன்று பெருகுக. மலைமுகடு முதல் கடற்கரை வரை வெண்குன்ற நாடாளும் பேரரசி செங்கோதைத் தேவியார் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் ஓலைநாயகம் பழையன் கூத்தன் நெடுங்கரை ஊர்ச்சபையார் அனைவருக்கும் வணக்கம் கூறி எழுதும் ஓலை. உங்கள் ஏரியும் களமும் நிறைக.

சென்ற ஆண்டு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆவணி முதல் நாளில் மதகு திறப்பது முன்னோர் வகுத்த விதி. மதகுக் காவலன் பொதியன் அன்று திறக்க மறுத்தான். மலைமழை முன்போல் ஆனியில் வருவதில்லை என்றும், பாதியே நிறைந்த ஏரியைத் திறந்துவிட்டால் கதிர் பால்பிடிக்குமுன் நீர் தீர்ந்துபோகும் என்றும் சொன்னான். நீங்கள் அரண்மனையில் முறையிட்டீர்கள். காவல் அவன் குடிக்கே உரியதாகையால் அவனை நீக்க வழியில்லை. ஆகவே ஓலைநாயகம், ஒரு சொல்லும் விசாரிக்காமல், அவனோடு எவரும் பேசலாகாது என்று விலக்கோலை விடுத்தான்.

முப்பத்தேழு நாள் கழித்து, நீரளவு காட்ட மதகுத் தூணில் கீறிய கோடுகளில் ஏழாம் வரையை நீர் தொட்ட பிறகே பொதியன் திறந்தான். விதிப்படி திறந்த ஏரிகளின் கீழெல்லாம் பயிர் பதராயிற்று. நெடுங்கரையில் மட்டும் நெல் விளைந்தது. காரணம் யாதெனப் பேரரசியார் வினவினார்.

விடையை ஓலைநாயகம் ஓலை மண்டபத்தில் தேடினான். ஆண்டுதோறும் பொதியன் அனுப்பிய மழையோலைகள் பதினொன்றும் கட்டவிழாமலே கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் 'வழக்கப்படியே செய்க' என்று மறுவோலை போயிருந்தது. கைச்சாத்து எல்லாவற்றிலும் கூத்தனுடையதே. மழை எத்தனை நாள் பிந்துகிறது என்பதைப் பொதியன் ஆண்டு பிசகாமல் எழுதியிருந்தான். விலக்குக்குப் பின் வந்த கடைசி ஓலையின் அடியில், கரைக்கு யாரும் வருவதில்லை என்றும், பேச்சு மறந்துபோகாதிருக்க நாள்தோறும் நீரளவைத் தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொள்வதாகவும் இருந்தது. அதைப் படித்த ஓலைநாயகம் வெட்கத்தால் குன்றிப்போனான்.

ஆதலால் பேரரசியார் ஆணை இது. இனி மதகு நாள் பார்த்துத் திறக்கப்படாது. ஏழாம் வரையை நீர் தொட்டபின்னரே திறக்கப்படும். அந்த வரையும் நிலையானதன்று. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மழையோலைகளைச் சபையில் வாசித்து, வேண்டுமாயின் மாற்றுக. எந்த மழையோலையும் அவையில் உரக்கப் படிக்கப்படாமல் அதற்கு மறுவோலை எழுதலாகாது. பொதியன் மீதான விலக்கு இன்றோடு நீங்கியது. நாட்டின் ஏரிகள் அனைத்துக்கும் இதுவே விதி. நாரை பொறித்த அரச முத்திரை இட்டு முடிந்தது.

முத்திரைக்குக் கீழே எழுதுவதற்கு ஆணையின் வலு இல்லை என்பதைக் கூத்தன் அறிவான். அறிந்தே எழுதுகிறான். பொதியனோடு பேசாதீர்கள் என்று ஆணையிட்டபோது நீங்கள் ஒருவர் விடாமல் கீழ்ப்படிந்தீர்கள். பேசுங்கள் என்று ஆணையிடப் பேரரசியாருக்கும் அதிகாரம் இல்லையாம்; அவரே அப்படிச் சொல்லிவிட்டார். ஆகையால் கூத்தன் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறான். இவ்வோலையை வாசித்து முடித்ததும் உங்களில் எவரேனும் ஒருவர் கரைமேல் ஏறிப் போய், அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.