பேர் கேட்காமல் விட்டது

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
மாதா திருநாள் முடிந்த திங்கட்கிழமை.

அன்பு மகள் நோராவுக்கு அப்பா சவரிராயன் சொல்லச் சொல்ல, எதிர்வீட்டு ஃப்ளோரன்ஸ் டீச்சர் எழுதுவது. இங்கே நான் மூச்சோடு இருக்கிறேன், முழங்கால்தான் சொன்ன பேச்சு கேட்பதில்லை. அங்கே நீயும் காஸ்பர் மாப்பிள்ளையும் குழந்தைகளும் மாதா தயவில் சுகமாய் இருக்கவேண்டும். சுதந்திரம் வந்து இரண்டு வருஷமாகியும் ரேஷன் அரிசியில் கல் குறையவில்லை, பொறுக்கக் கண்ணும் இல்லை, புரை விழுந்துவிட்டது. உன் கடுதாசியை டீச்சர் இரண்டு தரம் வாசித்தாள். மாப்பிள்ளைக்கு மில்லில் வேலை போனதும், நீங்கள் இருக்கிற வரிசைவீட்டுச் சாலுக்குச் செபமாலை சொல்ல வருகிற ஒரு உபதேசியார் அவரைப் பாரசீகத்து எண்ணெய்க் கம்பெனிக்கு அனுப்புகிறேன் என்பதும், ஆபீசுப் பக்கமே போகவேண்டாம், கப்பலில் நானே ஏற்றிவிடுகிறேன் என்பதும் கேட்டேன். நம்ம ஆள்தான் அப்பா, பயமில்லை என்று எழுதியிருக்கிறாய். அதைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் வந்தது.

அடையாற்று வெள்ளமும் வந்து, அது வடிவதற்குள் ஜப்பான்காரன் ஹார்பரில் குண்டும் போட்டானே, அந்த வருஷத்துச் சங்கதி இது. உனக்கு அப்போது பிரசவ சமயம், அண்ணன் பிலிப் சிலோனில் ஜுரத்தில் போனான் என்று மட்டும் எழுதச் சொன்னேன். மீதியை இப்போது கேள். வெள்ளத்தில் நம் வீட்டுச் சுவர் கரைந்து மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தோம். யுத்த பயத்தில் ஊர் காலியானபோது போன துரைமார் திரும்பவில்லை, பிலிப்புக்கு அவர்களிடம் இருந்த வேலையும் இல்லை. அங்கேதான் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து, சுவாமியாருக்கு உடம்பு முடியாத நாளெல்லாம் முன்னால் நின்று பிரார்த்தனை நடத்தினார். குரல் அப்படி ஒரு குரல், அழுத பிள்ளை நிறுத்திவிட்டுக் கேட்கும். மன்னார்ப் பக்கத்து உபதேசியார் என்றார். நம்மில் உபதேசியாரை யார் பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம், உபதேசியாரே வாங்க, உபதேசியாரே சாப்பிடுங்க, அத்தோடு சரி. தோட்டத்துக்குக் கூலி ஆள் பிடிக்கிற கங்காணி என்று ஒருவன் வந்திருந்தால் உன் அம்மா விளக்குமாற்றை எடுத்திருப்பாள், இவருக்கு மீன் குழம்பு ஊற்றினாள். சிலோன் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை என்றார். சிலோனுக்கு ஆள் போகக்கூடாது என்று சர்க்கார் தடை இருக்கிறதே என்று பிலிப் கேட்கத்தான் கேட்டான். தடை கூலிக்குத்தான் தம்பி, கோவில் பிள்ளைகளுக்கு இல்லை என்று அவன் தலையில் கைவைத்துச் சொன்னார். அதற்குமேல் எவன் கேட்பான். அவர் வாங்கிக்கொண்டு போன பணத்தைப் பற்றி நான் பேசவில்லை, அது போகட்டும்.

பிலிப்போடு அவன் கூட்டாளி, கோவில் மணி அடிக்கிற மரியதாஸ் போனான். பக்கத்து வீட்டுப் பஞ்சாட்சரமும் விபூதியை அழித்துவிட்டு, கழுத்தில் செபமாலை போட்டுக்கொண்டு கிளம்பினான், சம்பளம் வர்ற வரைக்கும் கபாலி கண்டுக்கமாட்டாரு நைனா என்று சிரித்தான். ராமநாதபுரத்துக் கரையில் மூவரையும் தோணியில் ஏற்றி, நெற்றியில் சிலுவை வரைந்து, அடுத்த தோணியில் வருகிறேன் என்று உபதேசியார் கரையிலேயே நின்றுகொண்டார். தோணிக்காரன் ஒரு மணல் திட்டில் இறக்கி, இதுதான் சிலோன் என்று சொல்லித் திரும்பிவிட்டான். விடிந்து பார்த்தால் நாலு பக்கமும் கடல். பஞ்சாட்சரம் தாகம் பொறுக்காமல் கடல் தண்ணீரைக் குடித்து அங்கேயே செத்தான். மற்ற இருவரையும் சிலோன் போலீசு பிடித்துப்போய் அடைத்தது. அங்கே யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம், கள்ளத்தோணி என்றுதானாம். தோணியில் ஏறினவனுக்கே தோணியின் பேரைக் கட்டிவிட்டார்கள். உன் அண்ணன் அந்த அடைப்பில்தான் ஜுரம் கண்டு போனான், சாகும் நேரத்து அவஸ்தைப்பூசுதல் கொடுக்கச் சுவாமியார் இல்லை, மரியதாஸ்தான் காதில் செபம் சொன்னானாம்.

சேதி வந்ததும் நானும் பஞ்சாட்சரம் பெண்சாதி சண்முகவடிவும் போலீசு ஸ்டேஷனுக்குப் போனோம். ஏமாற்றினவன் பேர் என்ன என்றார்கள். உபதேசியார் என்றேன். அது பேரா உத்தியோகமாய்யா என்று ஏட்டையா கேட்டார். ஊர், தகப்பன் பேர், எதுவும் தெரியவில்லை, எழுதிக்கொள்ளவே மாட்டேன் என்றுவிட்டார். திரும்பி வரும்போது அந்தப் பெண் அழவில்லை. மாடு வாங்கப் போனாக்கூட மாட்டுக்கு இன்னா பேருன்னு கேக்கறீங்க, எங்கூட்டு ஆளை இட்டுக்கினு போனவனுக்கு ஒரு பேரு கேக்கலியே நைனா என்றாள். அவளும் போன கோடையில் வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தாள். உன் அம்மா போனது உனக்கே தெரியும்.

அதனால் கண்ணு, உங்கள் உபதேசியாரிடம் பேர் கேள், ஊர் கேள், எந்தக் கோவில், எந்தச் சுவாமியார் என்று கேள். உங்கள் பங்குச் சுவாமியார் முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்து. நிஜமானவர் கோபித்துக்கொள்ளமாட்டார். எண்ணெய்க் கம்பெனி ஆபீசில் மாப்பிள்ளை நேரில் போய் விசாரிக்கட்டும். கிழவனுக்கு என்ன தெரியும் என்பார், சொல்லிவிட்டுப் போகட்டும். இவர் குரலைப் பற்றி நீயும் ஒரு வரி எழுதியிருக்கிறாய். ஊரில் நல்ல குரல் எத்தனையோ இருக்கும், நான் ஒன்றும் முடிவு கட்டவில்லை. ஆனாலும் சனிக்கிழமை மெயில் ரயிலில் இங்கிருந்து ஒருவனை அனுப்புகிறேன். அவன் அதிகம் பேசமாட்டான், சோறு போட்டால் சாப்பிடுவான், கடல் பக்கம் கூட்டிக்கொண்டு போகாதே. செபமாலை நேரத்தில் கடைசி வரிசையில் உட்கார வை. அந்த உபதேசியாரை அடையாளம் தெரியுமாடா என்று கேட்டேன், மூஞ்சி வாணாம் மாமா, கண்ண மூடிக்கிறேன், குரல் போதும் என்றான்.

மாதா உங்களைக் கையில் ஏந்திக்கொள்ளட்டும். குழந்தைகளுக்கு என் முத்தம். அவன் வந்து சேரும்வரை மாப்பிள்ளை யார் கையாலும் நெற்றியில் சிலுவை வாங்கவேண்டாம், இதை மறக்காதே. வாசலில் நிற்கிறவன் யார் என்று சாலில் கேட்டால், தோணி ஏறினவர்களில் மிஞ்சினவன் என்று சொல்லாதே, பேரைச் சொல். மரியதாஸ்.

இப்படிக்கு, உன் அப்பா
சவரிராயன் கைநாட்டு