கப்பலுக்கு வரும் விமானம்

வுப்பர்டால்
3-2-1986

என் அன்பு யூட் அத்தானுக்கு,

கடலில் எந்த மூலையில் நிற்கிறீர்களோ, மாதா உங்களைக் காக்கட்டும்.

என் அகதி மனுவை ஜெர்மன்காரர் நிராகரித்துவிட்டார்கள். மார்ச் முடிவதற்குள் நாட்டைவிட்டு வெளியேறவேண்டுமாம். வழக்கறிஞர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, கல்யாணம் ஒன்றுதான் வழி என்றார். உங்களைப்போல அமெரிக்கக் கடற்படையில் இருப்பவரின் மனைவியை லேசில் அனுப்பமாட்டார்களாம். கல்யாணப் பதிவுக் கந்தோரில் தெர்மீன், அதுதான் நாளும் நேரமும், எடுத்துவிட்டேன். மார்ச் 18, செவ்வாய், காலை பத்தரை மணி.

அகதி விடுதியில் என் பக்கத்துக் கட்டில் சுந்தரேஸ்வரி அக்காதான் சாட்சி. தன் கூறைச் சேலையை எனக்குத் தருகிறா. "வேதக்காரப் பிள்ளை எண்டா என்ன, சீலை சீலைதானே" என்று சிரிக்கிறா.

ஆறு வருடத்துக்குப் பிறகு உங்களைப் பார்க்கப்போகிறேன். நல்லாய் மெலிந்துவிட்டேன். கண்டதும் அதைச் சொல்லிக் கவலைப்படாதேயுங்கோ.

உங்கள்
டொறத்தி

மத்தியதரைக் கடல்
17-2-1986

அன்பின் டொறத்தி,

உமது கடிதம் இன்று வந்தது. அந்தத் தபால் மூட்டையை இறக்கியதே நான்தான். பத்து நாள் லீவு கிடைத்துவிட்டது. மார்ச் 15 அன்று சரக்கு விமானத்தில் எனக்கு ஓர் இடம் உண்டு. சிசிலியில் இறங்கி அங்கிருந்து ரயில் எடுப்பேன்.

தடித்த வயிறும் இரண்டு விசிறியும் உள்ள விமானம் அது. இயந்திரப் பாகம், மருந்து, தபால் எல்லாம் அதில்தான் கப்பலுக்கு வரும். இறங்கும்போது வாலிலுள்ள கொக்கி கப்பல் தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டி நிற்கும். போகும்போது விமானத்தை நீராவி விசையால் கடலுக்கு மேலே எறிவார்கள். உள்ளே இருப்பவர்கள் பின்பக்கம் பார்த்தபடி இருக்கவேண்டும். இரண்டு வருடமாக அதில் சரக்கு இறக்குகிறேன், ஒருநாளும் ஏறியதில்லை. உம்மிடம் வரத்தான் முதல் பயணம்.

கட்டாயம் வருவேன். பயப்படாதேயும்.

உமது
யூட்

வுப்பர்டால்
19-3-1986

அன்பு அத்தான்,

உங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரு வரி எழுதுங்கோ. வேறொன்றும் வேண்டாம்.

நேற்று ஒன்பது மணிக்கே கந்தோருக்குப் போய்விட்டோம். இந்த ஊரில் தலைக்கு மேலே தொங்கியபடி ஓடும் ரயில் வரும் ஒவ்வொரு தரமும் அக்கா வாசலுக்கு ஓடினா. பத்தரைக்கு எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். "வந்துகொண்டிருக்கிறார்" என்றேன். பதினொன்றரைக்கு பதிவுக்கார அம்மா எங்கள் ஃபைலை மூடி வைத்துவிட்டு அடுத்த சோடியைக் கூப்பிட்டா. வெளியில் வந்து படியில் இருந்தேன். "அந்தப் பிளேன் விழுந்திருக்குமோ அக்கா?" என்று கேட்டேன்.

வழக்கறிஞர் இன்னும் இரண்டு கிழமை தவணை கேட்டிருக்கிறார்.

டொறத்தி

மத்தியதரைக் கடல்
28-3-1986

டொறத்தி,

விமானம் விழவில்லை. சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன நேரத்துக்குப் போனது.

ஏறி இருந்தேன். தலைக்கவசம் போட்டு, நெஞ்சில் பட்டியும் இறுக்கிவிட்டார்கள். பின்கதவு மூடியதும் இருண்டுபோனது. இயந்திரம் அலறியது. என்ன நடந்ததென்று தெரியவில்லை, பட்டியைக் கழற்றிக்கொண்டு கத்தினேன். கதவைத் திறந்தார்கள். "நீ வாறியா இல்லையா?" என்று கேட்டான் ஒருவன். "ஏலாது" என்று தமிழில் சொன்னேன். என் இடத்தில் வேறொருவனை ஏற்றினார்கள்.

நாலு நாளில் அடுத்த விமானம் வந்தது. நான் இடம் கேட்கவே இல்லை. தந்தி அடிக்கவும் முடியவில்லை. என்ன சொல்லி அடிப்பேன்? மே மாதம் கப்பல் அமெரிக்கா திரும்பும், அங்கிருந்து உம்மிடம் வருவேன். அதுவரை பொறுக்க முடியுமா என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

யூட்

வுப்பர்டால்
9-4-1986

யூட்,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. உயிரோடு இருக்கிறீர்கள், கடவுளுக்கு நன்றி.

தவணை தரவில்லை. திங்கட்கிழமை காவல்துறை விடுதிக்கு வந்து என்னைத் தேடி விசாரித்தது. நான் அப்போது மாதா கோவிலில் இருந்தேன்.

உங்களுக்குக் காய்ச்சல் என்று அக்காவிடம் சொன்னேன். அவ நம்பிவிட்டா. உங்களைப் பற்றி இங்கே யாரும் தாழ்வாகப் பேசமாட்டார்கள். எனக்கும் கோபம் இல்லை. கோபம் வரட்டும் என்று நேற்று முழுக்கப் பார்த்தேன், வரவில்லை. மே மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். மே மாதத்தில் நான் எங்கே இருப்பேன் என்று எனக்கே தெரியாது. இந்த விலாசத்துக்கு இனி எழுதவேண்டாம்.

நாளைக் காலை அக்காவின் தமையன் பிரான்ஸ் எல்லைவரை காரில் கொண்டுபோய் விடுவார். அதற்குப் பிறகு காட்டுக்குள்ளால் நடக்கவேண்டும். தனியத்தான் நடக்கவேண்டுமாம். எனக்கும் சரியான பயம்.

போகிறேன்.

டொறத்தி