அந்தமானிலிருந்து வந்தவர்

மார்ச் 11, செவ்வாய்

நான் கேட்டிருந்த நகல் இன்று ஆவணக் காப்பகத்திலிருந்து வந்துவிட்டது. கொள்ளுத்தாத்தா அந்தோணி ஒரு கொலை வழக்கில் தீவாந்தர தண்டனை பெற்று அந்தமான் போனவர். பல வருடம் கழித்துத் திரும்பி வந்து மனைவியோடு மறுபடி குடும்பம் நடத்தினார். அதற்குப் பிறகு பிறந்தவர்தான் என் தாத்தா. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது.

கப்பலேற்றும்போது எழுதிய குறிப்பில் ஊர், தகப்பன் பெயர் எல்லாம் சரியாக இருக்கின்றன. அங்க அடையாளம் என்ற இடத்தில், இடது கையில் சுண்டுவிரல் இல்லை என்று இருக்கிறது.

பள்ளிக்கூடம் முடிந்ததும் நேராக மர்பி டவுனில் அப்பா வீட்டுக்குப் போனேன். ஹாலில் கொள்ளுத்தாத்தாவின் வயதான காலத்துப் படம் மாட்டியிருக்கிறது. இரண்டு கைகளையும் முழங்காலில் விரித்து வைத்து உட்கார்ந்திருக்கிறார். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். பத்து விரலும் இருக்கின்றன.

அப்பாவிடம் நகலைக் காட்டினேன். எழுதியவன் தப்பாக எழுதியிருப்பான் என்று சிரிப்பார் என நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை; கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அந்தோணின்னு கூப்பிட்டா அவரு சட்டுனு திரும்ப மாட்டாராம். எங்கப்பா சொல்லியிருக்காரு. காது மந்தம்னு நெனச்சிட்டிருந்தோம்மா."

"அப்போ வந்தது யாருப்பா?"

"இத இதோட விட்டுடு. உன் தம்பிகிட்டகூட சொல்லாத."

சந்தாபுராவில் என் வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் இதே யோசனைதான். வந்தவர் வேறு ஆள் என்று அந்தோணியின் மனைவிக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அந்த ஆள் அந்தோணியின் வீடு வரை வழி தெரிந்து வந்திருக்கிறார் என்றால், அந்தோணியே எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லி முடித்த பிறகு அந்தோணி என்ன ஆனார்?