மெனுவில் அடித்த விசில்

மச்சான்,

நாகல் நகர் போய் என் அத்தாவைச் சாப்பிட அழைத்துவருகிறேன். நீங்கள் தூங்குவதால் எழுப்பவில்லை.

குக்கரில் கறி வேகவில்லை. குற்றம் என்னுடையது அல்ல. அந்தக் கம்ப்யூட்டர் சண்டை விளையாட்டின் மெனுத் திரையில் ஓடிய ஹெலிகாப்டர் வீடியோவைத் தூக்கிவிட்டு, நம் அடுப்படி வீடியோவை மாட்டி வைத்திருக்கிறீர்களே, அதிலும் குக்கர் விசிலடிக்கிறது. அதையும் சேர்த்து எண்ணி அடுப்பை அணைத்துவிட்டேன். முதலில் கம்ப்யூட்டரை நிறுத்துங்கள். பிறகு மூன்று விசில் விடுங்கள். அத்தா இப்போதுதான் பல் கட்டியிருக்கிறார்.

"செத்த நேரம் இரு, மெனுவ மட்டும் முடிச்சிட்டு வாரேன்" என்று நோன்பு மாதத்திலிருந்து சொல்கிறீர்கள். ஒருநாளாவது விளையாடி நான் பார்த்ததில்லை. வாசலுக்கே இம்புட்டு அலங்காரம் என்றால், வீட்டுக்குள் எப்போது நுழைவதாம்?

பாஸிலா

தொட்டுக்கொள்ள வெஞ்சனம் ஃபிரிட்ஜில் இருக்கிறது.

இன்னொன்று. அந்த வீடியோவில் நான் திரும்பி வாயைத் திறக்கும் இடத்தில் வெட்டி, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டிருக்கிறீர்கள். அதை நெட்டில் வேறு போட்டு, யார் யாரோ "செம ப்ரோ" என்று எழுதியிருக்கிறார்கள். அன்றைக்கு நான் சொல்ல வந்தது, "சாப்பிட வாங்க மச்சான்." சொன்னேன். நீங்கள்தான் வரவில்லை.