றஷ்மி கையெழுத்திடாத மன்னிப்பு

கொட்டாஞ்சேனை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் லவினாவுக்கு,

ஆண்டவர் துணையால் மெல்பேர்னில் நீயும் மருமகனும் குறைவின்றி இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு எல்லோரும் சுகமென்று சென்ற மாதம் நான் எழுதியது பொய். உன் தங்கை றஷ்மி மூன்று வாரத்துக்கு மேலாகச் சாப்பாட்டு மேசைக்கே வரவில்லை. பாடசாலை வேன் சாரதி அவளைத் தகாத முறையில் தொட்டிருக்கிறான். அவள் முறையிட்டதும் நிர்வாகம் ஒரு மன்னிப்புக் கடிதத்தை நீட்டி, கையெழுத்திட்டால்தான் பரீட்சை அனுமதி அட்டை கிடைக்கும் என்றது. 'என் நடத்தையால் பாடசாலையின் நற்பெயருக்கு நேர்ந்த இழுக்குக்கு வருந்துகிறேன்.' அந்தத் தமிழ் என்னுடையது, மகள். பெற்றோர் சங்கச் செயலாளராக இருந்தபோது, எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும்படி நான் எழுதிக்கொடுத்த மாதிரிப் படிவம் அது. பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். அதை அடையாளம் கண்ட பின்னும், சோதனைதான் முக்கியம், கையெழுத்தைப் போட்டுக் கொடு என்றேன். என்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை, ஆற விடப்போவதுமில்லை.

அவளோ அந்தப் படிவத்தைத் தன் சனிக்கிழமை வாசிப்பு வட்டத்துக்குக் கொண்டுபோனாள். வெள்ளவத்தையிலிருந்து வரும் சட்ட மாணவி ஆதிலா நடத்துவது; ஏழெட்டுப் பெண்பிள்ளைகளோடு, அண்ணா அக்கா எதுவும் வேண்டாம், பெயர் போதும் என்று சொல்லும் கஜீயும் வருவதுண்டு. பாடநூலோ விளம்பரமோ, எழுதியவர் யார், யாருக்கு வசதி, யாரைக் காணவில்லை என்று கேட்டே வாசிப்பார்கள். கூட்டிவரப் போன நான் வாசலில் நின்று கேட்டேன். கஜீ படிவத்தை உரக்க வாசித்துவிட்டு, 'என்னடி றஷ்மி, நீ நிக்கிறாய், பள்ளிக்கூடம் நிக்குது, வேன்காரன் எங்க, இடையில இறங்கிட்டானோ?' என்றதும் உன் தங்கை சிரித்தாள். பதினாறு நாட்களுக்குப் பின் கேட்ட சிரிப்பு. பல்கலைக்கழகம் போன எனக்கு அப்படி வாசிக்கத் தெரிந்திருக்கவில்லை. செவ்வாயன்று அவள் படிவத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்து, நாளும் நேரமும் சாரதியின் பெயரும் எழுதிய தன் கடிதத்தை அதன்மேல் வைத்தாள். யார் எழுதித் தந்தது என்று அதிபர் கேட்டார். 'இதை நான்தான் எழுதினனான் மிஸ். மற்றதைத்தான் அப்பா எழுதினவர்' என்றாள். பக்கத்தில் நின்ற நான் ஓமென்றேன். அனுமதி அட்டை மேசை லாச்சியிலேயே இருந்தது, எடுத்துக் கொடுத்தார்.

ஆனால் வேன் இன்னும் ஓடுகிறது. நாளை பொலிஸில் முறையிடப் போகிறோம். அங்கே சிங்களத்தில் எழுதி, இடத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்குவது வழக்கம். ஒவ்வொரு வரியையும் தானே வாசித்து முடிக்கும்வரை பேனையைத் தொடமாட்டேன் என்கிறாள். எவ்வளவு நேரமானாலும் நான் காத்திருப்பேன்.

கண் பரிசோதனையைத் தள்ளிப் போடாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். தங்கையோடு கதை, புத்தி சொல்லாதே, அவள் சொல்வதைக் கேள். மாதா உங்கள் இருவரையும் தன் நிழலில் வைத்திருப்பாளாக.

உன் அப்பா,
யேசுரட்ணம்