குருவியின் துணை டீச்சர்

ஜூன் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகம்தானே? இங்கே சுகம் என்று எழுதப் பேனா ஓட மறுக்கிறது. பள்ளி திறந்து இரண்டு வாரமாகியும் குருவிக்குத் துணை டீச்சர் வரவில்லை. போன வருஷம் முழுக்க அவள் எதிரே உட்கார்ந்து, வகுப்பில் சொல்வதையெல்லாம் வாயசைவிலும் கையசைவிலும் திருப்பிச் சொன்னாரே, அவரை வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்களாம். உதவி பெறும் பிள்ளைகளின் பட்டியலில் உங்கள் மகள் இல்லையே என்கிறார் தலைமையாசிரியை. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு கோடை லீவில் காது கேட்டுவிட்டதா? எந்தப் புண்ணியவான் பெயரை எடுத்தானோ, அவன் காதில் பஞ்சை அடைத்து ஒரு நாள் வகுப்பில் உட்கார வைக்கவேண்டும்.

அந்தப் பட்டியல் கல்வி அலுவலகத்தில் உங்கள் பிரிவு வழியாகத்தானே போகிறது. விசாரித்துச் சொல்லுங்கள். தாய்மாமன் நீங்கள் அங்கே இருக்க, நான் வேறு யாரிடம் போய் நிற்பேன்?

லீவில் உங்கள் வீட்டில் எடுத்த போட்டோ வந்தது. குருவியின் முடியை அவிழ்த்துக் காது மறைய விட்டிருக்கிறீர்கள். அழகாகத்தான் இருக்கிறாள். காதுக் கருவி எங்கேடி என்றால், மாமா கழற்றி வைக்கச் சொன்னார் என்கிறாள்.

உங்கள் தங்கை

ஜூன் 23

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் தொட்டால் சுட்டது. சின்ன வயதிலிருந்தே உனக்கு மூக்குக்கு மேல் கோபம். இந்த வருஷம் எல்லாப் பெயர்களையும் மறுபடி சரிபார்த்திருக்கிறார்கள். யார் செய்தது, என்ன என்று தோண்டுவதில் என்ன லாபம்?

லீவில் குருவி என்னோடு எவ்வளவு பேசினாள்! கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னாள். நாமே அவளைப் பிரித்து, பக்கத்தில் ஒரு ஆளையும் உட்கார வைத்தால், பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? கொஞ்சம் பொறு, பழகிவிடுவாள். அவளுக்கு ஒரு பென்சில் பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்

ஜூலை 9

அன்புள்ள அண்ணனுக்கு,

பென்சில் பெட்டி வந்தது. அந்தப் பென்சிலால் குருவி பரீட்சை எழுதிய லட்சணத்தைக் கேளுங்கள்.

ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டே கேள்விகளைச் சொல்லியிருக்கிறார். இவளுக்கு ஒரு வார்த்தையும் எட்டவில்லை. எல்லோரும் எழுதுகிறார்களே என்று பக்கத்துப் பெண்ணின் தாளைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டாள், மேலே இருந்த அந்தப் பெண்ணின் பெயரையும் சேர்த்து. ஆசிரியர் இரண்டு தாளையும் தூக்கிக் காட்டியிருக்கிறார். வகுப்பே சிரித்திருக்கிறது. எதற்கென்று தெரியாமல் என் பெண்ணும் கூடச் சேர்ந்து சிரித்தாளாம்.

இப்படியே போனால் அரையாண்டுக்குப் பிறகு அவளைக் காது கேளாதோர் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்கிறார் தலைமையாசிரியை. அம்மா முகம் பார்க்காமல் தூங்காத பிள்ளையை நான் விடுதியில் தள்ளுவதா? உங்களோடு பேசினாள் என்கிறீர்களே, நீங்கள் எதிரே உட்கார்ந்து பேசினீர்கள், அவள் உங்கள் உதட்டைப் படித்தாள். அவ்வளவுதான்.

இனி பொறுக்க முடியாது. திங்கட்கிழமை நானே அலுவலகத்துக்கு வருகிறேன். பெயரை எடுத்தவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்காமல் திரும்பமாட்டேன்.

உங்கள் தங்கை

ஜூலை 12

தங்கைக்கு,

தயவுசெய்து இங்கே வராதே. நான் பார்த்துக்கொள்கிறேன். இத்தனை வருஷம் வேலை பார்த்த இடத்தில் எனக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. நீ வந்து கத்தினால் அது என்ன ஆகும்?

அண்ணன்

ஜூலை 17

அண்ணனுக்கு,

வந்தேன். நீங்கள் அன்றைக்குப் பார்த்து லீவு.

உங்கள் பிரிவில் இருக்கும் அந்தச் சின்னப் பெண், எழுத்தர், நல்லவள். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, பிள்ளை யார் என்று விசாரித்தாள். சொன்னேன். அவள் முகம் மாறிப்போனது.

“நீங்க சாரோட தங்கச்சியா? நீங்களே வேண்டாம்னு சொல்லிட்டதா சார் சொன்னாரே. எங்க வீட்ல அப்படிப் பிள்ளைங்க யாரும் இல்லம்மா, பேரை எடுத்துடுன்னாரு.”

யாரும் இல்லையா, அண்ணா? உங்கள் மடியில் உட்கார்ந்து சாப்பிட்டவள் யார்? ஒரு மாதமாக நான் யாரையோ திட்டி உங்களுக்கே எழுதிக்கொண்டிருந்தேன். நீங்களும் படித்துவிட்டுப் பென்சில் பெட்டி அனுப்பினீர்கள். எவனோ முகம் தெரியாதவன் செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன்.

புது விண்ணப்பத்தை உங்கள் மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கையெழுத்துப் போடுங்கள்.

குருவியின் அம்மா

ஜூலை 25

அன்புத் தங்கைக்கு,

அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் அதே டீச்சர் வந்துவிடுவார்.

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பெயர் ஒருமுறை அந்தப் பட்டியலில் ஏறிவிட்டால், பெரியவளான பிறகும் நாலு பேர் அதையே சொல்லிக் காட்டுவார்களே என்று பயந்தேன். கூடப் பிறந்தவன்மேல் இவ்வளவு கோபம் ஆகுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உட்கார்ந்து பேசினால் எல்லாம் சரியாகிவிடும். ஒரு வரி எழுது.

உன் அண்ணன்

ஆகஸ்ட் 3

அண்ணனுக்கு,

டீச்சர் வந்துவிட்டார். வாசலில் அவரைப் பார்த்ததும் குருவி பையைப் போட்டுவிட்டு ஓடினாள். நேற்றைய தாளில் அவள் பெயர்தான் இருக்கிறது. பாதி தப்பு, எல்லாம் அவளுடைய சொந்தத் தப்பு.

நாலு பேர் சொல்லுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இதுவரை சொன்னது நீங்கள் ஒருவர்தான். இப்போது அவளுக்குத் தலையை இறுக்கிப் பின்னிவிடுகிறேன், கருவி நன்றாகத் தெரிகிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மாமா வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, நானும் சொல்லித்தரமாட்டேன். எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து அவளோடு பேசுங்கள். முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் அவளுக்குக் கேட்காது.

எனக்கு இனிமேல் நீங்கள் எப்படிப் பேசினாலும் கேட்காது.

குருவியின் அம்மா