அந்த மடியின் அளவு

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுறது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கீங்கன்னு நம்பி எழுதுறேன். இங்க நாங்க நல்லாத்தான் இருக்கோம், உங்கப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் போவேனாங்குது, நடங்கன்னா முட்டி உன்னுதா என்னுதான்னு கேக்குறார். போன வாரம் போன்ல ஏன் அழுதேன்னு கேட்டியே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், போன்ல சொன்னா பாதியிலேயே நின்னுடும்.

நம்ம கடைக்குப் பின்னால இருக்கிற கிடங்குல, பக்கத்து நாட்டுச் சண்டைக்குத் தப்பி வந்த வேத்து பாஷைக் குடும்பங்களைத் தங்க வச்சிருக்காங்க. அங்க இருக்கிற நர்ஸம்மா ஒருநாள் ஒரு தாயையும் மகளையும் கூட்டிட்டு வந்தாங்க. பொண்ணுக்கு ஒன்பது வயசு. பிறந்ததுல இருந்து கழுத்தும் முதுகும் நிக்காது, பேச்சு வராது, ஆனா எல்லாம் புரியும், ஆமான்னா கண்ணை மேல தூக்குவா, இல்லேன்னா மூடிக்குவா. எல்லை தாண்டப் பதினோரு நாள் அவளைச் சுமந்தே நடந்திருக்கா அந்தத் தாய். நாற்காலியில உட்கார்ந்தாத்தான் சேர்ப்போம்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாங்களாம், அவளுக்கேத்த நாற்காலி வர ஒரு வருஷம் ஆகுமாம். முப்பது வருஷமா லாரிக்கும் பஸ்ஸுக்கும் சீட் தைக்கிறவ நான், இதென்ன பிரமாதம்னு மார்தட்டிக்கிட்டு டேப்பை எடுத்துப் பொண்ணை அளந்து, நர்ஸம்மா கொண்டுவந்த பழைய சக்கர நாற்காலிக்கு ஸ்பாஞ்ச் வச்சுத் தைச்சேன். உட்கார வச்சதும் ஒரு பக்கமா சரிஞ்சு வீல்னு கத்திட்டா. பிரிச்சுத் தைச்சேன், மறுபடியும் சரிஞ்சா. மூணாவது தடவை கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. எனக்கு மானம் போச்சுடா.

அப்போ அந்தத் தாய் கடைத் தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்து பொண்ணை மடியில வாங்கிக்கிட்டா. என் கையைப் பிடிச்சுத் தன் இடது தொடைக்கு அடியில வச்சா, வலதைவிட நாலு விரல் தூக்கி வச்சிருந்தா. பொண்ணு இடுப்புக்குப் பின்னால முட்டுக் குடுத்திருந்த முழங்கையைத் தொட வச்சா, பிடரியில இருந்த உள்ளங்கையையும் தொட வச்சா. பொண்ணு நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்குது! இத்தனை நாளா நான் அளக்காம விட்டது அந்த மடியைத்தான்னு அப்பத்தான் உறைச்சுது. எந்தப் பட்டறையிலயும் இவ்வளவு கச்சிதமான வேலையை நான் பார்த்ததில்ல. தாயை அளந்து தைச்சேன், பொண்ணு அசையாம உட்கார்ந்துட்டா.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு நானும் போனேன். முன் வரிசை வேணுமான்னு டீச்சர் கேட்டதை நர்ஸம்மா அவங்க பாஷையில சொன்னாங்க, பொண்ணு கண்ணை மேல தூக்கினா. அம்மா கூட இருக்கணுமான்னு கேட்டதுக்கு டக்குனு கண்ணை மூடிட்டா! எல்லாரும் சிரிச்சோம், அந்தத் தாயும்தான். வெளிய வந்து நாலு அடி வைக்கல, அந்தத் தாய் தள்ளாட ஆரம்பிச்சுட்டா. மயக்கமான்னு பதறிட்டேன். பாரம் இல்லாம நடந்து பழக்கமில்லைன்னு சொன்னாளாம். என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, கேட் வரைக்கும் அடி அடியா நடந்தா. அன்னைக்குத்தான்டா உனக்குப் போன் பண்ணினேன்.

இப்போ கிடங்குல இருந்து இன்னும் மூணு தாய்மார் பிள்ளைங்களோட வர்றாங்க. அந்தத் தாயே அவங்களைத் தரையில உட்கார வச்சு, எங்க தாங்கணுமோ அங்க என் கையை எடுத்து வைக்கிறா. அளவெடுக்கிற வேலையை அவகிட்டயே விட்டுட்டேன்.

அங்க கிடைக்கிற அழுத்தமான ஸ்பாஞ்ச் ரெண்டு ஷீட் அனுப்ப மறந்துடாத. நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளை எதிர்த்துப் பேசாத. ரெண்டு பேரும் ஒரு குறையுமில்லாம நூறு வருஷம் இருக்கணும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா